லேபிள் படிக்காதவர்கள் நாங்கள் அல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் இனிப்புநீர், அதாவது நீரிழிவு நோய் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். சீனியைக் குறைக்கச் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நடுவில், நம் மலேசியத் தோட்டப்புற மக்களிடம் லேபிளைப் படித்து வாங்கும் பழக்கம் இல்லை, அந்த அலட்சியம்தான் நோய்க்குக் காரணம் என்று ஒரு வரி இருந்தது. அதை என் வீட்டுக்காரர்தான் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இடது காலில் இரண்டு விரல் எடுத்த மனிதர் ஐயா அவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர், ஆனால் உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்புவரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவர். மாவு பாக்கெட்டு கட்டி வந்த பழைய தாளைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவார். அவரைப் போய்ப் படிக்காதவர் என்று சொல்லிவிட்டீர்களே.

அவர் படிக்கத் தயார்தான், ஆனால் பால் டின் லேபிளில் இருப்பது தமிழ் இல்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி மலாய் எழுத்து, அதுவும் டின்னின் வளைவில், ஒட்டு விழும் இடத்தில். உங்களுக்குத் தெரியாததா இது.

நான் டவுன் மளிகைக் கடையில் 19 வருஷம் வேலை செய்தவள். கடை முதலாளி தவுக்கே வீட்டுப் பிள்ளைகளிடம்தான் மலாய் படிக்கப் பழகினேன். அலமாரியில் டின் அடுக்குகிறபோது ஒருநாள் கவனித்தேன், எப்போதும் வரும் பால் டின்னில் பாலைக் குறிக்கும் சுசு என்ற மலாய்ச் சொல்லைக் காணோம், அந்த இடத்தில் கிரிமர் மானிஸ், அதாவது இனிப்புக் கிரிமர் என்று இருந்தது. டின்னின் அளவு மாறவில்லை, நிறம் மாறவில்லை, எங்கள் சனங்கள் கேட்கிற கேள்வியும் மாறவில்லை, "அக்கா, ஒரு பால் டின் கொடுங்க" என்றுதான் கேட்டார்கள். திருப்பிப் பார்த்தால் முதலில் சீனி, அடுத்து செம்பனை எண்ணெய், அதற்கும் பின்னால்தான் பால் சம்பந்தப்பட்ட எதுவோ. எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பதுதான் லேபிளின் விதி. அப்படியென்றால் பால் என்று நினைத்து நாங்கள் ஊற்றிக்கொண்டிருந்தது சீனியும் எண்ணெயும். என் வீட்டுக்காரர் பால்மரம் என்கிற ரப்பர் மரத்தை விட்டுச் செம்பனைக்கு மாறி, தோள் கழன்று போகிற அளவுக்குக் குலை வெட்டியவர். அந்த எண்ணெய் பால் என்ற பெயரில் அவர் தேத்தண்ணி மங்குக்குள்ளேயே வந்து சேரும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 500 கிராம் டின், அதில் பாதிக்கு மேல் சீனி. கத்தி முனையால் இரண்டு ஓட்டை போட்டுச் சாய்த்தால் நூல் மாதிரி இறங்கும், கோப்பை அடியில் இரண்டு விரல் உயரம் நிற்கும்வரை விடுவார்கள், அதன் மேல்தான் தேத்தண்ணி. நாங்கள் இரண்டு பேர், மூன்று நாளில் ஒரு டின் காலி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமுக்கு மேல் சீனி, அதுவும் தேத்தண்ணியில் மட்டும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. இது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், அவருக்கு விரல் எடுத்த பிறகு. 2019-ல் எடுத்த தேசிய ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர், அதிலும் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். இதை நீங்களே பலமுறை போட்டிருக்கிறீர்கள். போடுகிறபோதெல்லாம் காரணம் எங்கள் வாய்தான் என்று முடிக்கிறீர்கள்.

என் அம்மா ஆயாக்கொட்டகையில் ஆயா. விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை ஏணையோடு விட்டுவிட்டுப் போவார்கள், அம்மா டின் பாலைச் சுடுதண்ணீரில் கலந்து புட்டிக்கு ஊற்றிக்கொடுப்பார். அதைத் தவறு என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் 1939-லேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில், ரோட்டரி கிளப் கூட்டத்தில், இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதைக் கொலை என்றே பேசினார். பெரிய மனிதர்கள் முன்னால் சொன்ன பேச்சு எங்கள் லயத்துக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆனது ஐயா? அம்மா கடைசிக் காலத்தில் அதை நினைத்து அழுதிருக்கிறார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

எங்கள் சாப்பாடு என்றாலே குறைதான் பேசவேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சரி, ஒரு நல்லதையும் சொல்லுங்களேன். பி1 என்ற சத்து குறைந்தால் வருகிற பெரிபெரி நோய் மலாயாவில் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற காலத்தில், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சுரங்கத்து ஆட்கள்தான் அதிகம் செத்தார்கள், புழுங்கலரிசி தின்ற தமிழ்க் கூலிகளை அது அவ்வளவாகத் தொடவில்லை. 1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் இரண்டு பிரிவாகப் பிரித்து இரண்டு அரிசியையும் போட்டுப் பார்த்து இதைக் காட்டினார். ஊறவைத்து அவிக்கிறபோது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. என் பாட்டிக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது, ஆனால் பச்சரிசிச் சோறு உடம்புக்கு ஆகாது என்று தெரியும். உங்கள் பத்திரிகையில் இது ஒருநாளாவது வந்ததா?

அப்புறம் ஒரு கேள்வி. லேபிள் படி என்கிறீர்கள், லேபிளே இல்லாததை எப்படிப் படிப்பது? 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்குச் சீனி வரி வந்தது, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அப்போது லிட்டருக்கு 40 சென். போத்தலுக்கும் டின்னுக்கும் பெட்டிக்கும்தான் அது, தெருவோர ஒட்டுக்கடையில் கலக்கிற தேத்தண்ணிக்கு எந்த வரியும் இல்லை, எந்த எழுத்தும் இல்லை. மார்க்கெட்டில் கூடையிலிருந்து அள்ளிப் போடுகிற மஞ்சள் மீ என்கிற நூடுல்ஸில் போரிக் அமிலம் சேர்க்கக் கூடாது என்று சட்டம். சேர்த்தால் மீ வழுக்கிக்கொண்டு விறைப்பாக இருக்கும், இரண்டு நாளானாலும் கெடாது. எங்களுக்குத் தெரிவது அந்த விறைப்பு மட்டும்தான், அமிலம் எங்கே தெரிகிறது? பேத்திக்கு வாங்கிய மிட்டாய் பாக்கெட்டைத் திருப்பினேன், பெவார்ணா டிபெனார்கான், அதாவது அனுமதிக்கப்பட்ட நிறமூட்டி, அவ்வளவுதான். டார்ட்ரசீன் போன்ற சில நிறங்கள் சேர்த்தால், பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று 2010-லிருந்து ஐரோப்பாவில் பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போடவேண்டும். என் பேத்தியின் பாக்கெட்டில் நிறத்தின் பெயர்கூட இல்லை. நான்தான் படித்தேனே, படித்து எனக்கு என்ன கிடைத்தது?

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. டவுன் கிளினிக்கில் கொடுக்கிற உணவுத் தாளும் மலாய்தான் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே உங்களுக்கு மூன்று பக்கம் எழுதினேன். நான்கு வரியாகச் சுருக்கி, "கிளினிக் சேவை சிறப்பாக அமைய வாசகி விருப்பம்" என்று போட்டீர்கள். அப்படி ஒரு விருப்பத்தை நான் எழுதவே இல்லை. இந்த ஞாயிறும் அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கம் முழுக்க கிரிமர் விளம்பரம், நடுவில் பாயசம் செய்முறை. பத்திரிகை நடத்தக் காசு வேண்டும், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அலட்சியம் எங்களுடையது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது ஐயா?

நான் கேட்பது சின்ன விஷயம்தான். நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். குலா என்றால் சீனி, மிஞாக் சாவிட் என்றால் செம்பனை எண்ணெய், நாத்ரியம் என்றால் உப்பில் இருக்கிற சோடியம், பெங்காவெட் என்றால் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, பெவார்ணா என்றால் நிறம். லேபிளில் அடிக்கடி வருகிற இருபது சொல்லுக்குத் தமிழ் போட்டால் போதும், வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவு எழுத்தில். வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோக வசதியாகப் பக்கத்தின் ஓரத்தில் போடுங்கள். வந்ததும் முதலில் வெட்டப் போகிறவர் என் வீட்டுக்காரர்தான், கத்தரிக்கோல் இப்போதே மேசைமேல் இருக்கிறது.

இப்படிக்கு,
38 வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிற வாசகி,
சுங்கை சிப்புட்.