முதல் மோட்டார் சைக்கிளுக்கு எதற்கு நானூறு சிசி?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வந்தாலும் சரி, முதல் வேலை கிடைத்தாலும் சரி, வீட்டில் பெடியன் வாய் திறந்து கேட்பது மோட்டார் சைக்கிளைத்தான். 100 சிசி, 125 சிசி என்றால் இப்போது முகம் சுளிக்கிறார்கள். டியூக், நின்ஜா, சிபி 400 என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மாமன் மனம் வைத்தால் காரியம் ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும். துவிச்சக்கரவண்டியையும் அக்காவின் ஸ்கூட்டியையும் தவிர எதையும் ஓடியறியாத பிள்ளையின் கைக்கு நாற்பது குதிரைவலு எஞ்சின் வந்து சேர்கிறது. அதில் எது பிசகும், ஏன் பிசகும், அந்தக் காசுக்கு வேறு என்ன வாங்கலாம் என்பதைப் பெற்றோரும் காசு அனுப்புகிறவர்களும் அறிந்திருப்பது நல்லது.

சட்டம் தடுக்கும் என்று யாரும் நம்பியிருக்க வேண்டாம். எங்கள் இலங்கையில் 100 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு ஏ1 தரம். அதற்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் ஏ தரம் ஒன்றுதான். 110 சிசி வண்டியில் ஓடிக்காட்டி ஏ தர அனுமதிப்பத்திரம் எடுத்தவர், மறுநாள் காலையில் 400 சிசியில் ஏறி ஆனையிறவு தாண்டலாம். பிரித்தானியாவில் இது நடவாது. 17 வயதில் 125 சிசி, அதுவும் 15 குதிரைவலுவுக்குள். 19 வயதில் 35 கிலோவாற், அதாவது 47 குதிரைவலு வரை. வரம்பில்லாத பெரிய வண்டிக்கு, நடுத்தர அனுமதியோடு இரண்டு வருடம் கழித்து இன்னொரு செய்முறைப் பரீட்சையில் தேற வேண்டும். நேரே போவதென்றால் 24 வயது ஆக வேண்டும். 2013 ஜனவரி முதல் இதுதான் அங்கே ஒழுங்கு. லண்டன் மாமன் தன் 17 வயது மகனுக்கு அங்கே வாங்கிக் கொடுக்க முடியாத வண்டியைத்தான் மருமகனுக்கு இங்கே வாங்கிக் கொடுக்கிறார்.

சிசியை மட்டும் வைத்து அளப்பதும் பிழை. பழைய ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 ஏறத்தாழ 20 குதிரைவலு தருகிறது. யமஹா ஆர்15இன் 155 சிசி எஞ்சினும் கிட்டத்தட்ட அதையே தருகிறது. ஆனால் முன்னதின் எடை 190 கிலோவுக்கு மேல், பின்னது 140 சொச்சம். டியூக் 390 என்றால் 43 குதிரைவலு, எடையோ 160 சொச்சம் கிலோதான். ஹொண்டா சிபி 400 நான்கு சிலிண்டர், 53 குதிரைவலு, 190 கிலோவுக்குக் குறையாது. வீட்டுக்கு வீடு நிற்கும் 100 சிசி வண்டியோ 8 குதிரைவலு, 110 கிலோ அளவு. ஒவ்வொன்றும் புதியவரை ஒவ்வொரு விதமாகத் தள்ளி விழுத்தும். என்ஃபீல்டின் சிக்கல் பாரம். ஒழுங்கைக்குள் திருப்பும்போது ஒரு பக்கம் சரிந்தால் ஒற்றைக் காலால் தாங்க முடியாது. டியூக்கின் சிக்கல் அதன் அவசரம். சிபி 400 தாழ்ந்த சுற்றில் மிக அடக்கமாகப் போகும். தாழ்ந்த சுற்றில் பாதி வால்வுகளை மட்டும் திறக்கும் அதன் வீரெக் (VTEC) எஞ்சின், நிமிடத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் சுற்றைத் தாண்டி மற்ற வால்வுகளும் திறந்தவுடன் குணம் மாறிவிடும். அடக்கமான வண்டி என்று அதுவரை நம்பியிருந்தவருக்கு அதுதான் ஆபத்து.

முதல் ஆபத்து புறப்படும் இடத்திலேயே இருக்கிறது. கிளச்சைக் கொஞ்சம் சடாரென்று விட்டால் வண்டி முன்னே பாயும். உடம்பு பின்னே சாயும். வலது கை பிடியை விடாது. உடம்பு பின்னே போகப் போக மணிக்கட்டு தானாக முறுகி அக்சிலேற்றர் இன்னும் திறக்கும். பயத்தில் கை மேலும் இறுகும். எட்டுக் குதிரைவலு வண்டியில் இப்படி நடந்தால் எஞ்சின் நின்றுவிடும், அல்லது நாலு அடி துள்ளும். நாற்பது குதிரைவலுவில் முன் சில்லு கிளம்பும், இல்லையேல் எதிர் மதிலில்தான் நிற்கும். பத்தடி ஒழுங்கையில் யோசிக்க நேரமில்லை. இதற்கு வைத்தியம் இரண்டு. மணிக்கட்டைப் பிடியைவிடத் தாழ்த்தி, முழங்கையைச் சற்று மடித்து வைப்பது ஒன்று. இடது கையின் இரண்டு விரலை எப்போதும் கிளச்சில் வைத்திருந்து, வண்டி பாய்ந்த கணத்திலேயே அதை அமத்துவது மற்றது. கிளச் அமர்ந்தால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சில்லுக்கு வலு போகாது. இந்த இரண்டும் யோசிக்காமல் வருவதற்கு மாதக்கணக்கில் ஓட வேண்டும். அந்த மாதங்களைச் சிறிய எஞ்சினோடு கழிப்பதுதான் புத்தி.

அடுத்தது பிரேக். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்ற பயம் துவிச்சக்கரவண்டிக் காலத்திலேயே எங்களுக்குள் ஊறிவிட்டது. அதனால் பலரும் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னுக்கு வரும். உலர்ந்த வீதியில் நிறுத்தும் வலுவில் ஏறத்தாழ 70 வீதம் முன் சில்லிலிருந்துதான் கிடைக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின் சில்லு பூட்டி வழுக்கும், வண்டி நில்லாது. அந்தப் பழக்கத்தோடு பெரிய வண்டிக்கு மாறியவர் ஒரு நாள் பயத்தில் முன் பிரேக்கை ஒரே பிடியாய்ப் பிடிப்பார். பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் வலுவான கலிப்பர். பாரம் முன்னுக்கு வருவதற்கு முன்பே சில்லு பூட்டிவிடும். முன் சில்லு பூட்டினால் விழ அரை விநாடி போதும். சரியான முறை இரண்டு படி: முதலில் மெல்ல அமத்த வேண்டும், முன் சில்லைத் தாங்கும் ஃபோர்க் தாழ்வதை உணர்ந்ததும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஏபிஎஸ் இருந்தால் சில்லு பூட்டாது என்பது உண்மைதான். ஆனால் சில வண்டிகளில் அது முன் சில்லுக்கு மட்டும். வளைவில் வண்டி சரிந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ் காப்பாற்றாது. மணலில் நிற்கும் தூரத்தை அது கூட்டவும் செய்யும்.

தூரக் கணக்கையும் பார்ப்போம். கண்டு, கை அசைய ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், நல்ல ரயரும் உலர்ந்த வீதியும் தேர்ந்த கையும் இருந்தாலும் 50 கிலோமீற்றர் வேகத்தில் நிற்க 28 மீற்றர் வேண்டும். 70இல் 47 மீற்றர். 100இல் 84 மீற்றர். ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்பதுதான் மோட்டார் சைக்கிளுக்கான வேக எல்லை. டியூக் 390 நின்ற நிலையிலிருந்து 100ஐத் தொட ஆறு விநாடி அளவு போதும். அக்சிலேற்றரைத் திறந்து ஆறு எண்ணுவதற்குள் வேகம் ஊர்மனை எல்லையின் இரண்டு மடங்காகிவிடும். நிற்கும் தூரமோ மூன்று மடங்கு.

எங்கள் யாழ்ப்பாண வீதிகளோ இதற்கு ஏற்றவையல்ல. காப்பெற் போட்டு அகலமாக்கியதால் பலாலி வீதியும் காங்கேசன்துறை வீதியும் ஓடச் சொல்லி அழைக்கின்றன. ஆனால் ஐம்பது யாருக்கு ஒரு ஒழுங்கை வந்து ஏறுகிறது. இரண்டு பக்கமும் ஆளுயர மதில். ஒழுங்கைக்குள்ளிருந்து வரும் சைக்கிள்காரர் முன் சில்லை வீதியில் வைத்த பிறகுதான் உங்களைக் காண்பார். வீதிக் கரையில் மணல் படிந்திருக்கும். பேருந்துக்கு ஒதுங்கும்போது அகல ரயரும் அதில் வழுக்கத்தான் செய்யும். மழையில் நனைந்த தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சில்லு இழுபடும். வேகத்தைக் குறைத்து, வண்டியை நிமிர்த்தி, கூடிய மட்டும் நேர்குத்தாகக் கடக்க வேண்டும், தண்டவாளத்தின் மேல் பிரேக் தொடக் கூடாது. வல்லை வெளியிலும் பண்ணைப் பாலத்திலும் காற்று பக்கவாட்டில் அடித்தால், உடல் முழுதும் மூடிய பைக்குகள் பாய்மரம் போலக் காற்றைப் பிடித்து ஒரு முழம் தள்ளிப்போகும். கையை இறுக்காமல் முழங்காலால் பெற்றோல் தாங்கியை அணைத்துப் பிடிக்க வேண்டும். இரவில் கட்டாக்காலி மாடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

"பெரிய வண்டியில்தானே நல்ல பிரேக்கும் நல்ல ரயரும் இருக்கின்றன" என்பார்கள். அது நியாயமான பேச்சு. மெல்லிய ரயரும் ட்ரம் பிரேக்கும் உள்ள 100 சிசி வண்டியோடு ஏ9 வீதியில் சொகுசுப் பேருந்துகளுக்கு நடுவே ஓடுவதும் பாதுகாப்பல்ல. முந்தும்போது இழுவை போதாது, நிறுத்தும்போது பிடி போதாது. ஆகவே நான் சொல்வது இடைத்தரம்: 125 முதல் 160 சிசி, 10 முதல் 16 குதிரைவலு அளவு, 145 கிலோ அளவுக்குள், முன்னால் டிஸ்க், கிடைத்தால் ஏபிஎஸ். பல்சர் 150, எஃப்சி, அப்பாச்சி 160, ஹோர்னெற் 160 எல்லாம் இந்த வகை. இருக்கை 800 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். ஏறி இருந்தால் இரண்டு காலின் முன்பாதமும் ஒரே நேரத்தில் நிலத்தில் பதிய வேண்டும். ஹாண்டில் உயரமாக, முழுதாகத் திரும்புவதாக இருக்க வேண்டும். குனிந்து ஓடும் ரேஸ் வகை வண்டிகளின் ஹாண்டில் குறைவாகவே திரும்பும். ஒழுங்கைக்குள் ஒரே மூச்சில் திருப்ப முடியாமல் புதியவர் விழுவது அங்கேதான்.

"பிறகு மாற்ற வேண்டி வரும், காசு வீண்" என்பதும் கணக்குக்கு நிற்காது. எந்தக் கராஜிலும் பார்க்கக்கூடிய 150 சிசி வண்டியை ஒரு வருடம் ஓடி விற்றால் பெரிய நட்டம் வராது. முதல் வருடத்தில் வண்டி எப்படியும் ஒரு தடவை சரியும். சின்ன வண்டியில் ஒரு கிளச் லீவரும் சைட் லைற்றும் போகும். மூடிய பைக்கில் ஒரு பக்கத்து மூடி முழுவதும் போகும். அது கொழும்பில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இன்னொன்றையும் வீட்டார் யோசிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஒருவர் மட்டும் ஓடுகிற பொருளல்ல. அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் தங்கச்சியை ரியூசனுக்கும் ஏற்றுவதும் அதில்தான். ரேஸ் வகையின் பின் இருக்கை உயரமாய், ஒடுங்கி, பிடிக்க இடமில்லாமல் இருக்கும். பல வண்டிகளில் செயின் மூடியும் சேலைக் காப்புக் கம்பியும் கிடையாது. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ செயினில் சிக்கினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

இதற்குப் பிறகும் பெரிய வண்டிதான் என்று நிற்பவர்கள், பழையதை வாங்கும்போதாவது கவனிக்கட்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே கைமாறும் வண்டிகளிற் பல வயதானவை. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. பூ, அதாவது நிலத்தில் படும் வரிப்பள்ளம், எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய ரயர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. முன் சில்லை நிலத்திலிருந்து கிளப்பி ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் ஹாண்டில் சுழலும் கோப்பை பெயரிங் போய்விட்டது. ஹாண்டில் முட்டி நிற்கும் இரும்புக் கட்டை நசிந்தோ உடைந்தோ இருந்தால் வண்டி பலமாக அடிபட்டிருக்கிறது. ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, வண்டியின் இரும்புச் சட்டத்தில் புதுப் பெயின்ற், ஒட்டுப் போட்ட தடம் இருந்தால் விலை பேச வேண்டாம். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பெயர் மாற்றாத ஓப்பன் பேப்பரை நம்பிக் காசு கொடுக்கக் கூடாது.

தண்ணீரால் குளிரும் எஞ்சின் என்றால் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். வெள்ளைப் படிவு தெரிந்தால் யாரோ கிணற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறார். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்று நீரின் சுண்ணாம்பு சூடேறியதும் உள்ளே படிந்து ஒடுங்கிய குழாய்களை அடைக்கும். கூலன்ற் தீர்ந்தால் பற்றரிக்கு விடும் வடிநீரைத்தான் கலக்க வேண்டும். தீவுப்பகுதியிலோ கரையோரத்திலோ ஓடிய வண்டியில் உப்பு ஏறி கலிப்பர் ஊசிகள் இறுகியிருக்கும். பிரேக்கை விட்ட பிறகும் சில்லு தாராளமாகச் சுழலாவிட்டால் அதுதான் காரணம். பிரேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

இடைத்தர வண்டியை வாங்கினால் மிஞ்சும் காசில் முதலாவது, முகம் முழுதும் மூடும், எஸ்.எல்.எஸ். எனும் இலங்கைத் தரச்சின்னம் உள்ள தலைக்கவசம். நாடிப் பட்டி பூட்டியிருக்கும்போது பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தால் கழன்று வரக் கூடாது. பிறகு கையுறை, கணுக்கால் மூடும் சப்பாத்து. பாட்டா செருப்போடு கியர் மாற்றுவதை நிறுத்தினாலே பாதிக் கால்காயம் இல்லை என்பது என் எண்ணம்.

குடாநாட்டில் சாரதிப் பயிற்சி கொடுப்பவர்களிடமும் ஒரு கேள்வி. பரீட்சையில் தேறுவதற்கான சுற்றுகளைப் பழக்குகிறீர்கள். அவசரமாக நிறுத்தப் பழக்குவதை ஏன் சேர்க்கக் கூடாது? ஒரு வெறும் திடல், நிலத்தில் சுண்ணாம்புக் கோடு, ஒரு மணித்தியாலம். 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, கோட்டில் இரண்டு பிரேக்கையும் பிடித்து, சில்லு பூட்டாமல் ஏழு மீற்றருக்குள் நிற்க வேண்டும். பத்துத் தடவை தொடர்ந்து வந்தால் 40இல் பன்னிரண்டு, பதின்மூன்று மீற்றர். அது ஒற்றையாகக் கைவந்த பிறகு பின்னால் ஒருவரை இருத்தி அதே பயிற்சியைத் திரும்பச் செய்விக்கலாம். தூரம் எப்படி மாறுகிறது என்று பழகுபவரே கோட்டிலிருந்து அளந்து பார்ப்பார்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
கோண்டாவில்.