வளர்க்கக் கற்றுத் தருகிறோம், விற்கக் கற்றுத் தருகிறோமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடு, கோழி வளர்ப்பைப் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் கொட்டகையோடு நின்றுவிடுகின்றன. எந்த இனம், என்ன தீவனம், ஈற்றுக்கு எத்தனை குட்டி என்றெல்லாம் விளக்கிவிட்டு, கடைசியில் ‘நேரடியாக விற்றால் நல்ல லாபம் கிடைக்கும்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆடு வைத்திருப்பவர் கையைச் சுட்டுக்கொள்வது அந்த ஒரு வரிக்குள்தான். அந்த வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்பதை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

எடையிலிருந்து தொடங்குகிறோம். வியாபாரி ஆட்டின் முதுகில் கை வைத்த மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவார். அது அவருடைய அன்றாடத் தொழில். வளர்ப்பவரோ வருடத்துக்குச் சில முறைதான் விற்கிறார். தராசு இல்லாவிட்டாலும் ஒரு தையல் நாடா இருந்தால் போதும். ஆட்டைச் சமதரையில், நான்கு கால்களும் சரியாக ஊன்றி, தலை நிமிர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்புற எலும்பு முனைவரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி நீளத்தால் பெருக்கி, 10,800-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வந்துவிடும். சுற்றளவு 70, நீளம் 62 என்றால் 28 கிலோ. நாடா ஒரு சென்டிமீட்டர் தளர்ந்து 71 என்று வந்தாலே கணக்கு முக்கால் கிலோவுக்கு மேல் ஏறிவிடும். அதனால் மூன்று முறை அளந்து நடுவிலுள்ள எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது. சினை ஆட்டுக்கும், வயிறு முட்டத் தின்ற ஆட்டுக்கும், அடர்ந்த ரோமமுள்ள ஆட்டுக்கும் இந்தக் கணக்கு பிசகும். இனத்துக்கு இனமும் சற்று மாறும். நான்கைந்து ஆடுகளை ஒருமுறை தராசிலும் ஏற்றி ஒப்பிட்டுவிட்டால், உங்கள் மந்தைக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

விலை பேசும்போது, எடை எந்த நேரத்து எடை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒரு நாள் தீவனமும் தண்ணீரும் இல்லாமல் வண்டியில் போன ஆடு 5 முதல் 10 சதவீதம் எடை இழந்துவிடும். காலையில் தீவனம் வைப்பதற்கு முன் வீட்டில் போட்ட எடையா, இறக்கிய இடத்தில் போட்ட எடையா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாதவர் அந்த 10 சதவீதத்தை இனாமாகக் கொடுத்துவிடுகிறார்.

இதே நாடாதான் மருந்தின் அளவையும் தீர்மானிக்கிறது. கண்மதிப்பில் எடையைக் குறைத்துப் போட்டுக் குடற்புழு மருந்து ஊற்றினால், வலுவான புழுக்கள் பிழைத்து மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகும். ஆட்டின் இரைப்பையில் ரத்தம் குடிக்கும் புழு ஒவ்வொன்றும் நாளுக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லி. இதைக் கண்டுபிடிக்கக் கீழ் இமையை விலக்கி உட்சதையின் நிறத்தைப் பார்க்கும் முறை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில் நல்ல சிவப்பிலிருந்து வெளிறிய வெள்ளைவரை ஐந்து நிறங்கள் இருக்கும். நான்காம், ஐந்தாம் நிறத்தில் உள்ள ஆடுகளுக்கு மருந்து கட்டாயம். மூன்றாம் நிறத்தில் குட்டிகளுக்கும் சினை ஆடுகளுக்கும் கொடுக்கலாம். மற்றவற்றை விட்டுவிட வேண்டும். மருந்து படாத புழுக்களும் மந்தையில் மிஞ்சியிருந்தால்தான் மருந்தின் வீரியம் நெடுநாள் தாங்கும். நாள் குறித்து மந்தை முழுவதற்கும் ஒரே மூச்சில் மருந்து ஊற்றச் சொல்லும் அறிவுரையை இனியாவது கைவிட வேண்டும். இன்னொன்று: வெள்ளாடு பல புழு மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக உடலிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் பல சமயம் போதாது. ஆனால் லெவமிசோல் போன்றவற்றில் நல்ல அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஆகவே அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

மருந்து கொடுத்த பிறகு காத்திருக்க வேண்டிய நாட்களைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. ஒவ்வொரு மருந்தின் உறையிலும் இறைச்சிக்கு இத்தனை நாள், பாலுக்கு இத்தனை நாள் என்று தனித்தனியாக இருக்கும். கடைசி வேளை மருந்திலிருந்துதான் எண்ண வேண்டும். அளவைக் கூட்டினாலோ, வேறு விலங்குக்கு எழுதிய மருந்தைக் கொடுத்தாலோ உறையில் உள்ள நாள் செல்லாது, இன்னும் நீளும். ‘காய்ச்சினால் போய்விடும்’ என்பது தவறு. பல எதிருயிரி (ஆன்டிபயாட்டிக்) மருந்துகள் காய்ச்சிய பாலிலும் தங்கும். மருந்து கொடுத்த ஒரே ஒரு மாட்டின் பால் கலந்து ஒரு கேன் பால் முழுவதும் தயிராக உறையாமல் போவது இதனால்தான், உறைய வைக்கும் நுண்ணுயிரியையும் அந்த மருந்து கொல்கிறது. மருந்து கொடுத்த உருப்படியின் காலில் சிவப்புத் துணி கட்டுங்கள். விற்கலாம் என்ற தேதியை நாட்காட்டியில் குறித்து, அந்தத் தேதிக்குப் பிறகே துணியை அவிழ்த்தால் போதும். பெயர் தெரிந்த வாடிக்கையாளருக்கு விற்பவர், பெரிய பண்ணையைவிட இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இனி விலை. உயிர் எடைக்கும் கறி எடைக்கும் உள்ள தூரத்தை மறந்து விலை வைப்பதே நேரடி விற்பனையில் பெரிய நஷ்டம். வெள்ளாட்டில் உயிர் எடையில் 40 முதல் 50 சதவீதம்தான் உரித்த எடையாகத் தேறும். கறிக்கோழியில் 70 முதல் 75 சதவீதம். எந்த ஊர் விலைக்கும் பொருந்தும்படி, ரூபாய்க்குப் பதில் ‘பங்கு’ என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ ஆட்டை வளர்க்கக் கிலோவுக்கு 100 பங்கு செலவாகியிருந்தால் மொத்தம் 2,500 பங்கு. 45 சதவீதம் தேறினால் கறி 11.25 கிலோ. அறுப்புக் கூலி, பை, ஐஸ், வண்டி எதுவும் சேர்க்காமலேயே கிலோவுக்கு 222 பங்கு கைக்கு வந்தாக வேண்டும். கறியில் பத்தில் ஒரு பகுதி விற்காமல் நின்றால் 247. தலை, கால், ஈரல், குடல், தோல் ஆகியவற்றின் வருமானத்தைத் தனியே எழுதி இதிலிருந்து கழிக்கலாம். எலும்பு நீக்கி விற்றால் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

எல்லோரும் தொடைக்கறியே கேட்பார்கள். கழுத்தும் நெஞ்சும் தேங்கும். துண்டு துண்டாக விற்காமல், எல்லாப் பாகமும் கலந்த கூறாகப் போட்டு, கூறுகள் அத்தனைக்கும் முன்பணம் வந்த பிறகே ஆட்டை அறுப்பது என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். கூறின் எடை சற்றுக் கூடக்குறைய இருக்கும் என்பதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அறுப்பில் நடக்கும் பிழைகளுக்குப் பழி வளர்ப்பின் மேல் விழுகிறது. விரட்டிப் பிடித்து, பயந்து களைத்த ஆட்டை உடனே அறுத்தால் தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும். கறியின் அமில-கார எண் (pH, இது குறையக் குறைய அமிலம் கூடும்) இயல்பாக எட்ட வேண்டிய 5.5 முதல் 5.8 வரையிலான அளவுக்கு இறங்காமல் 6-க்கு மேலேயே நின்றுவிடும். கறி கருத்து, ஒட்டும் தன்மையோடு இருக்கும், சீக்கிரம் கெடும். முதல் நாளே கொண்டுவந்து, தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து நிழலில் ஓய்வெடுக்க விடுவது இதற்காகத்தான்.

அடுத்தது குளிர்விப்பது. இங்கே அவசரமும் கெடுக்கும், தாமதமும் கெடுக்கும். வெள்ளாட்டுக்கு மேல்கொழுப்பு மெல்லியது, கறி சட்டென்று குளிர்ந்துவிடும். அறுத்த பத்து மணி நேரத்துக்குள் தசை 10 டிகிரிக்குக் கீழே போனால் சுருங்கி, எத்தனை நேரம் வேக வைத்தாலும் ரப்பர் போல நிற்கும். சூட்டோடு உறைபெட்டியில் போட்ட கறியின் கதியும் இதுதான். மறுபுறம், 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் பெருகுகின்றன. வழி என்னவென்றால், குளிர் அறை இருந்தால் துண்டு போடாமல் முழுதாகத் தொங்கவிட்டுக் குளிர்விப்பது. எலும்போடு பிணைந்திருக்கும் தசை அவ்வளவு சுருங்காது. விறைப்பு தளர்ந்த மறுநாள் துண்டு போடலாம். குளிர் அறை இல்லையென்றால் அன்றே, சில மணி நேரத்துக்குள் விற்று முடிக்கும் அளவுக்கு மட்டும் அறுக்க வேண்டும்.

பெட்டியில் எவ்வளவு ஐஸ் போடுவது? 10 கிலோ கறியை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்கவே கிட்டத்தட்ட 3 கிலோ ஐஸ் உருகிவிடும். பெட்டிக்குள் புகும் வெளிச்சூட்டுக்கும், மூடியைத் திறந்து மூடுவதற்கும் இன்னொரு 3 கிலோ வேண்டும். இரண்டு கைப்பிடி ஐஸைத் தூவிவிட்டு ‘குளிர்பெட்டியில் கொண்டுவந்தோம்’ என்று சொல்வதில் பொருளில்லை. கறி ஐஸ் தண்ணீரில் ஊறக்கூடாது. பையை இறுகக் கட்டி, அடியில் ஒரு தட்டி வைத்து, நீர் வடியும் துளையைத் திறந்துவிட வேண்டும்.

முட்டைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அழுக்கு முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவாதீர்கள். உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டின் நுண்துளைகள் வழியே அழுக்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான்கைந்து கோழிக்கு ஒரு கூடு வைத்து, அதில் உலர்ந்த வைக்கோலை மாற்றிக்கொண்டே வந்தால் கழுவும் வேலையே குறையும்.

வாடிக்கையாளர் கேட்பது தொடர்ச்சி. வாரம் ஓர் ஆடு என்று ஒப்புக்கொண்டால் வருடத்துக்கு 52. ஒரு தாய் ஆடு வருடத்துக்குச் சராசரியாக ஒன்றரைக் குட்டி போட்டு, அதில் ஐந்தில் ஒன்று இறந்தால் மிஞ்சுவது 1.2. வருடத்துக்குத் தாய்களில் ஐந்தில் ஒன்றை வயதானதால் மாற்றி, அதற்குப் பதிலாகப் பெட்டைக்குட்டிகளை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தால், ஏறக்குறைய 50 தாய் ஆடுகள் தேவை. பத்து ஆடு வைத்திருப்பவர் தனியாக இந்த வாக்கைக் கொடுக்கவே கூடாது. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, யார் எந்த மாதம் கிடா சேர்ப்பது என்று முறை வைத்தால் முடியும். சினைக்காலம் 150 நாள். எட்டு மாதத்தில் விற்பதானால், விற்கும் நாளிலிருந்து பதின்மூன்று மாதம் பின்னோக்கி எண்ணிக் கிடா சேர்க்க வேண்டும்.

இப்படிக் கூடி விற்பவர்கள் ஆடுகளையும் ஒரே பட்டியில் கலந்துவிடக்கூடாது. புதிதாக வரும் உருப்படியை மூன்று வாரமாவது தனியே கட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒரு தடவை போட்ட தடுப்பூசி மூன்று வருடமாவது காக்கும். மாட்டு வெக்கை நோய் 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே வழியில் ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் ஒழிக்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. தடுப்பூசி இருக்கிறது. பத்துக் கோழி, பத்து ஆடு வைத்திருப்பவருக்கு அது எட்டுவதில்லை. கோழிக்கழிச்சல் தடுப்பு மருந்து பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான குப்பியாகவே கிடைக்கிறது. திறந்து கரைத்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. தெரு முழுவதும் ஒரே நாளில் போட்டுக்கொள்வதுதான் இதற்குத் தீர்வு. குடிநீரில் கலந்து கொடுப்பவர்கள் குளோரின் கலந்த நீரைத் தவிர்க்க வேண்டும். வேறு நீர் இல்லையென்றால் லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால் பொடியை முதலில் கரைத்துவிட்டு மருந்தைச் சேர்க்கலாம். ஆடுகளுக்கான துள்ளுமாரி நோய்த் தடுப்பூசியைக் குளிரில் உறையவே விடக்கூடாது. உறைந்து இளகிய குப்பி பார்வைக்குச் சரியாக இருந்தாலும் வேலை செய்யாது.

உதவித் திட்டங்களை வகுப்பவர்களிடம் நாங்கள் கேட்பது இலவச ஆட்டையும் குஞ்சுகளையும் விட எளியது. கிராமத்துக்கு ஒரு பொதுத் தராசு, பத்து உருப்படிகளை அறுத்துத் தொங்கவிடும் அளவுக்குச் சுத்தமான அறுப்பிடமும் குளிர் அறையும், சிறு குப்பித் தடுப்பூசி. வருடத்துக்கு ஐம்பது ஆடு அறுப்பவரின் சுத்தத்தை ஆய்வு செய்யுங்கள், கத்தி கழுவும் நீர் 82 டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் அறுக்கும் ஆலைக்கு எழுதிய கட்டட விதிகளை அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பண்ணையின் வெற்றியை எழுதும்போது, பிறந்த குட்டி, பிழைத்த குட்டி, விற்ற நாளின் உயிர் எடை, தேறிய கறி எடை ஆகிய நான்கு எண்களையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். விற்காமல் நின்ற கிலோ எவ்வளவு என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சிறு கால்நடை வளர்ப்போரும் கால்நடை மருத்துவர்களும் சிலர்