யாரும் அறியாத கடலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியர் கடல்வழி தேடிப் புறப்பட்ட காலத்தில் எழுந்த கற்பனைப் பயணக் கதைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இப்பொருளை இவ்வளவு விரிவாக எடுத்துக்கொண்டதில் பெருமகிழ்ச்சி. ஆனால், அக்கதாசிரியர்கள் தங்கள் விந்தை நாடுகளை ‘யாரும் அறியாத கடலில்’ வைத்தார்கள் என்ற வரியை, இராமநாதபுரம் கடலோரத்தில் முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில், என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

குறையற்ற ஒரு கற்பனைத் தீவு நாட்டைப் பற்றி ஆங்கிலேயர் தாமஸ் மோர் எழுதிய ‘யுடோப்பியா’வையே எடுத்துக்கொள்வோம். 1516இல் இலத்தீனில் வெளியான அந்நூலில் கதை சொல்பவன் ரபேல் என்னும் போர்த்துக்கீசியன். அவன் இத்தாலியக் கடலோடி அமெரிகோ வெஸ்புச்சியோடு பயணம் செய்தவன் என்கிறார் மோர். உண்மையில் வாழ்ந்த ஒருவரின் கப்பலில் பொய்யான ஒருவனை ஏற்றிவிடும் இந்த உத்திதான் இவ்வகைக் கதைகளுக்கு உயிர். அந்த ரபேல் கடைசியில் இலங்கைக்கு வந்து, அங்கிருந்து கள்ளிக்கோட்டையை அடைந்து, அங்கே நின்றிருந்த போர்த்துக்கீசியக் கப்பலில் ஏறித்தான் ஊர் திரும்புகிறான். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து அப்போது 18 ஆண்டுகளே ஆகியிருந்தன.

பணியில் இருந்தபோது தங்கச்சிமடத்தில் ஒரு மாலை வகுப்பில் இதைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுந்தாள். அவள் தந்தை வத்தை என்னும் படகில் மீன்பிடி தொழிலுக்குப் போகிறவர். “சார், அவரு தென்கடல் பக்கமா வந்தாரா, வடகடல் பக்கமாவா? வடகடல்னா பெரிய கப்பல் பாம்பன் வாய்க்கால்ல தரைதட்டிருமே?” என்று கேட்டாள். மன்னார் வளைகுடா இங்கே தென்கடல். பாக் நீரிணைப் பக்கம் வடகடல். வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டினேன். எந்தப் பக்கமாக வந்தான் என்பதற்கு மோர் ஒரு சொல்லும் எழுதவில்லை. இலங்கையும் கள்ளிக்கோட்டையும் அவருக்குக் கடலோடிகளின் பேச்சில் காதில் விழுந்த இரண்டு ஊர்ப்பெயர்கள். நடுவே கிடக்கும் மணல்திட்டும் நீரோட்டமும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தன.

இத்தாலியர் தொம்மாசோ கம்பனெல்லா ஒரு கற்பனை நகரைப் பற்றி எழுதிய ‘சூரிய நகரம்’ இன்னும் நெருங்கி வருகிறது. 1602இல் நேப்பிள்ஸ் சிறையில் எழுதப்பட்டு 1623இல் அச்சான அந்நூலில், ஜெனோவா நகர மாலுமி ஒருவன் தாப்ரபேன் தீவில் கரையிறங்கி, ஆட்களுக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடி, நிலநடுக்கோட்டின் மேல் அமைந்த ஒரு சமவெளியில் அந்நகரைக் காண்கிறான். தாப்ரபேன் என்பது பழங்கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயர். அக்கால வரைபடங்கள் சில அதைச் சுமத்திராவுக்கும் சூட்டின. தனுஷ்கோடி முனையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார் இருக்க, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கிடக்கும் இலங்கைத் தீவைக் கோட்டின் மேலேயே தூக்கி வைக்க அவர்களால் முடிந்தது. ‘கல்லிவரின் பயணங்கள்’ எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட்டோ தம் நாயகன் கல்லிவரை 1707 ஏப்ரல் 11 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் இறக்கி, மூன்று வாரம் தங்கவைத்து, பிறகுதான் பறக்கும் தீவுக்கு அனுப்புகிறார். நமக்குப் பழகிய துறைமுகம் அவருடைய வாசகனைப் பொய்யை நம்பவைக்கும் சாட்சியாகிறது.

ஆகவே, இக்கடலை அறியாதவர்கள் அக்கதாசிரியர்களே. 1498இல் காமாவின் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து நம் மேற்குக் கரைக்கு வந்ததே, அங்கே ஏறிய, இக்கடல் பழகிய மாலுமி வழிகாட்டியதால்தான். எங்கள் பெரியபட்டினத்து மண்ணில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகள் அதற்கும் முற்பட்டவை. இங்குள்ளவர்களுக்குக் கச்சான் காற்று எப்போது வீசும், வாடைக்காற்று எப்போது திரும்பும் என்பது பிழைப்போடு கலந்த அறிவு.

இன்னொன்றையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். கப்பல் உடைந்து அயல்தீவில் ஒதுங்கும் கதை நமக்கு அவர்களிடமிருந்து வந்ததன்று. மணிமேகலையில் சாதுவன் ஏறிய வங்கம் உடைகிறது; ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்குகிறான்; தின்ன வந்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசிப் பிழைக்கிறான்; தலைவனுக்கு அறம் உரைக்கிறான். ஆளில்லா நாட்டைக் கண்டுபிடித்தான் என்று சாத்தனார் எங்கும் பெருமை பேசவில்லை. அங்கே முன்பே மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு மொழி இருக்கிறது என்பதிலிருந்தே கதை நகர்கிறது. இப்பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒரு வரைபடமும் சேர்க்க வேண்டுகிறேன். இலங்கை, கள்ளிக்கோட்டை, புனித ஜார்ஜ் கோட்டை ஆகியவற்றைக் குறித்து, பாம்பனுக்கு இருபுறமும் தென்கடல், வடகடல் என்று எங்கள் மக்கள் சொல்லும் பெயர்களையே அச்சிடுங்கள். கடலோரப் பள்ளிகளுக்கு அந்த இதழ் போய்ச் சேர்ந்தால், அந்த மாணவி கேட்ட கேள்வியை இன்னும் பல பிள்ளைகள் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.