30 நாள் என்னோடு பஸ் ஏறியவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், ரப்பர் விளையில் என்னோடு பால் வெட்டும் கூட்டாளிகளுக்கும், களியக்காவிளை அக்கம்பக்கத்தாருக்கும் ஸ்தோத்திரம்.

வாய்ப்புண் என்று நினைத்துப் பல மாதம் மருந்து பூசிக்கொண்டிருந்தேன். 20 வருஷம் வெற்றிலையும் புகையிலையும் மென்ற வாய், யாரைக் குறை சொல்ல? திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்றார்கள். ஆபரேஷன் முடிந்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம் கதிர்வீச்சு. தலை அசையாமலிருக்க முகத்தின்மேல் வலை மாதிரி ஒரு மாஸ்க்கைப் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள். 23ஆம் சங்கீதத்தை மனதுக்குள் நாலு தடவை சொல்வதற்குள் மெஷின் நின்றுவிடும். அந்தச் சில நிமிஷத்துக்குத்தான் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று தினமும் பஸ்.

ஒரு நாளும் என்னைத் தனியே விடவில்லை நீங்கள். முறை போட்டுக்கொண்டு வந்தீர்கள். மூன்றாவது வாரம் வாய் வெந்து எச்சில்கூட இறங்காதபோது, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் கஞ்சியைத் துணியில் வடிகட்டி பிளாஸ்க்கில் தந்துவிட்டார்கள். பக்கத்து விளை அண்ணன் தன் மரங்களை முடித்துவிட்டு என் மரங்களையும் வெட்டினார். வெயிலேறினால் பால் குறையும் என்று தெரிந்தவர், இரவு இரண்டு மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினாராம். சனிக்கிழமை ஒட்டுப்பால் (வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய பால்) விற்ற காசையும் சேர்த்து என் மனைவி கையில் வைப்பார். எண்ணிப் பார் என்பார், நிற்கமாட்டார்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களும் உண்டு. எல்லாம் தேவசித்தம் என்றவர்களிடம் அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வேதத்தில் யோபு எல்லாம் இழந்து கிடந்தபோது அவனுடைய சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. எங்கள் போதகர் அந்த ஏழு நாளோடு நிறுத்திக்கொண்டார், அதற்கே அவருக்குத் தனி நன்றி.

உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். பால் வெட்டுகிறவன் நான்: கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் பட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்துபோகும், மறுபட்டை ஒழுங்காக வராது. எல்லா வெட்டும் நல்லதற்கே என்று என் வாயால் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரியை இப்போது தாண்டிப் போகவும் முடியவில்லை.

ஏனென்றால், காத்திருக்கும் ஹாலில் தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் மலையாளம் புரியாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு முழிப்பதைப் பார்த்தேன். 1956 நவம்பர் 1இல் கேரளத்துக்கும் நமக்கும் எல்லை பிரித்த நாளிலிருந்து அந்தப் பக்கம் நாங்கள் பாண்டிக்காரர்கள், இந்தப் பக்கம் பாதி மலையாளத்தார். அந்த இரண்டுங்கெட்டான் நாக்கு (இப்போது கொஞ்சம் குளறவும் செய்கிறது) அங்கே உதவியது. எந்தக் கவுண்டர், எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. சிகிச்சை முடிந்தும் வியாழக்கிழமைகளில் போய்வருகிறேன். ஆண்டவர் எதற்கு என்னை வைத்திருக்கிறார் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போது கேட்கத் தோன்றுவதில்லை.

துணை தேவைப்படுகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சொல்லுங்கள். பிறகு, மூடி உடைந்த பச்சை பிளாஸ்க் ஒன்று எங்கள் வீட்டில் கிடக்கிறது. யாருடையது என்று கேட்டால் எந்த அக்காவும் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார்கள்.