அய்யனார் கோயில் புரவி எடுப்பு: பணம் பங்குனிக்குள் வேண்டும்

ஊர்ப் பெரியோர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்காளிகள், மாமன் மச்சான்மாருக்கும், கட்டிக்கொடுத்த ஊர்களில் இருக்கும் அக்கா தங்கைமாருக்கும் விழாக் குழுவின் வணக்கம்.

வருகிற ஆனியில் நம் அய்யனாருக்குப் புரவி எடுப்பதென்று நாட்டார் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. ஊர்ப் பொதுவில் அரண்மனைப் புரவி இரண்டு, ஐந்தரை அடி உயரம். யானை ஒன்று, நாலரை அடி. மூன்றும் சுட்ட மண்ணில்தான். சிமெண்டில் ஒரே தடவையாகச் செய்து நிறுத்திவிடலாமே என்ற பேச்சும் கூட்டத்தில் வந்தது. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் 33 அடிக் குதிரை நிற்கிறது. மாசி மகத்துக்குச் சனங்கள் அதற்குக் காகிதப்பூ மாலை கொண்டுபோய்ச் சாத்துகிறார்கள். அது நிற்கிற குதிரை, அதன் அழகு வேறு. நம்முடையது எடுக்கிற குதிரை. வேலை தொடங்க ஊர் சார்பில் ஒரு பிடி மண், அதாவது பிடிமண் கொடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளார் வனைந்து, பொட்டலிலிருந்து தோளில் ஏறிக் கோயிலுக்கு வர வேண்டும். சிமெண்ட் குதிரைக்குப் பிடிமண் எதற்கு?

இந்த வேண்டுகோளை இவ்வளவு முன்கூட்டியே வைப்பதற்குக் காரணம் மண். ஆனியில் எடுப்பென்றால் வைகாசியில் வசூலித்தால் போதாதா என்று கேட்கிறார்கள். பந்தலுக்கும் மேளத்துக்கும் போதும், புரவிக்குப் போதாது. வேளார் கேட்பது 48 நாள். மண் ஊறி மிதிபட 3 நாள், வனைய 15, காய 22, சூளை 1, ஆற 3, வர்ணத்துக்கு 4. இதில் ஆள் கூட்டி, கூலி கூட்டிக் குறைக்க முடியாதது அந்த 22 நாள். பணம் பிந்தினால் பிடிமண் பிந்தும், அந்த நாள் உலர்த்தலில்தான் வெட்டு விழும். மேலே வெளுத்து, கை வைத்தால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். தொடைக்குள்ளும் கழுத்து ஒட்டிலும் ஈரம் இருக்கும். சூளையில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் புரவியின் காலை வெடிக்க வைக்கும். ஒரு கால் போனால் புரவி போயிற்று, சுட்ட மண்ணில் பச்சை மண் ஒட்டாது. பழி மட்டும் வேளார் கைமேல் விழும்.

செலவு விவரம். கண்மாயில் களிமண் எடுக்க இப்போது தாசில்தார் அனுமதியே போதும், மண்ணுக்குக் கட்டணமில்லை. வெட்டி ஏற்றி இறக்க, டிராக்டர் வாடகை சேர்த்து, 14,000 ரூபாய். கரையோரத்து மண் வேண்டாம் என்று வேளார் சொல்லிவிட்டார். அங்கே சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல் கிடக்கிறது. மிளகு அளவு சுக்கான் மண்ணோடு சேர்ந்து சூளைக்குப் போனாலும் சுண்ணாம்பாக வெந்துவிடும். புரவி கோயிலில் நின்று பத்து நாள் கழித்து, காற்றின் ஈரம் பட்டு அது பூத்து, மேலே ஒரு சில்லைப் பெயர்த்துத் தள்ளும். வெள்ளைப் பொட்டோடு குழி விழுந்த புரவிகளைப் பல கோயில்களில் பார்த்திருப்பீர்கள், வேலை இதுதான். அதனால் நடுக்கண்மாய் மண்ணைக் கரைத்துச் சலித்து எடுக்க இரண்டு ஆள் கூலியும் அந்த 14,000-க்குள் சேர்ந்திருக்கிறது.

மணலுக்கும் உமிக்கும் 6,000. நாலு கூடைக் களிமண்ணுக்கு ஒரு கூடை மணல், ஒரு கூடை உமி என்பது இந்த மண்ணுக்கு வேளார் வைத்திருக்கும் கணக்கு. மணல் மண் சுருங்குவதைக் குறைக்கும். உமி சூளையில் எரிந்துபோய், ஆவி வெளியேறச் சின்னச் சின்ன வழி விடும்.

வேளார் குடும்பத்துக்குக் கூலி 90,000. பேரம் பேச இதில் இடமில்லை. கால்கள் நாலும் குழாயாக வனைந்து, இறுகிய பிறகுதான் வயிறு ஏற வேண்டும். வயிறு வளையம் வளையமாக ஏறும். கீழ் வளையம் தன் கனத்தைத் தாங்கும் வரை அடுத்ததை வைக்க முடியாது. அதுவரை அடிவயிற்றுக்கு முட்டுக் கொடுத்து, விளிம்பை ஈரத்துணியால் மூடி, கீறிக் குழம்பு தடவி ஒட்டுகிறார்கள். வயிற்றில் விடும் துளை காற்றுக்கு. அதை ஓட்டை என்று நினைத்து யாரும் அடைக்க வேண்டாம்.

சூளைக்கு 30,000. விறகும் விராட்டியும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே சேறு மெழுகிப் புகைவழி விடுவார்கள். முதல் நாலைந்து மணி நேரம் இளந்தீதான். இளைஞர்கள் ஆர்வத்தில் விறகைத் தள்ளிவிடக் கூடாது என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறோம்.

மீதி 60,000 தகரக் கொட்டகைக்கு. இது இந்தத் தடவை புதுச் செலவு, கேள்வியும் இதற்குத்தான் அதிகம் வந்தது. சித்திரை, வைகாசியில் கோடை மழை எந்தச் சாயங்காலமும் வரும். பச்சைப் புரவி ஒரு மழைக்குத் தாங்காது. வெயிலும் ஆகாது, ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் வயிற்றில் நீளமாக விரிசல் ஓடும். தார்ப்பாய் போர்த்தினால் உள்ளே வேர்த்துக்கொட்டும். நாலு பக்கமும் திறந்து, தட்டி கட்டிக்கொள்ள வசதியாக ஒரு கொட்டகை இருந்தால் அடுத்தடுத்த எடுப்புக்கும் உதவும். இடைப்பட்ட காலத்தில் வேளார் அதில் பானை உலர்த்திக்கொள்வார்.

ஆக மொத்தம் 2,00,000 ரூபாய். வரி கட்டும் குடும்பங்கள் 160 புள்ளி, புள்ளிக்கு 500 வீதம் 80,000 வரியாக வரும். மீதி 1,20,000-க்குத்தான் இந்த வேண்டுகோள்.

பணமாகத்தான் தர வேண்டுமென்றில்லை. விராட்டி, வைக்கோல், உமி, கருவேல விறகு, பனை மட்டை எல்லாம் வாங்கிக்கொள்கிறோம், சூளைச் செலவில் கழித்துக் கணக்கு வைப்போம். விராட்டி போன மழையில் நனையாததாக இருக்கட்டும். நனைந்தது புகையும், எரியாது. வர்ணம் பூசிய பழைய கதவு, நிலை, பிளைவுட் வேண்டாம். நேர்த்திக்கடன் புரவி வைப்பவர்கள் வேளாரிடமே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். இரண்டடிக்குள் இருந்தால் இதே சூளையில் சேர்த்துக்கொள்ளலாம். சூளை அடுக்கிய பிறகு வருவதைச் சேர்க்க முடியாது, அண்ணன் வீடு தம்பி வீடு என்ற தாட்சண்யம் அங்கே செல்லாது.

புரவி சூளையிலிருந்து இறங்கியதும் குழுவினர் முன்னிலையில் வேளார் ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டுவார். கணீரென்றால் எடுப்பு. தொப்பென்றால் உள்ளே வேகவில்லை, அதைத் தோளில் ஏற்ற மாட்டோம். கூலியில் கடைசித் தவணை 20,000 அன்றைக்கே கொடுக்கப்படும். முதல் தவணை 40,000 பிடிமண் அன்று, இரண்டாவது 30,000 வனைந்து முடித்த அன்று. இந்த முதல் தவணையும் மண், மணல், உமிச் செலவும் கொட்டகையும் சேர்ந்து 1,20,000 வருகிறது. பிடிமண் சித்திரையில். ஆகவே பங்குனி முடிவதற்குள் நன்கொடை வந்து சேர வேண்டும்.

குழுவின் முத்திரை இல்லாத ரசீதுக்குப் பணம் தர வேண்டாம். வரவு செலவுக் கணக்கு ஒவ்வொரு வெள்ளியும் சாவடிச் சுவரில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
புரவி எடுப்பு விழாக் குழுவினர்