அக்னஸ் டி சில்வாவின் பதில்: மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களே,

வணக்கம். கண்டியில் வாழ்ந்த அக்னஸ் டி சில்வாவின் பெயரை எந்த மே தின மேடையிலும் நான் கேட்டதில்லை. தோட்டத்தில் கொழுந்து பறித்த நம் பாட்டிமாருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று வெள்ளைக்கார ஆணைக்குழுவின் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். அவரைப் பற்றிச் சொல்லவும், அதை முன்வைத்து உங்களிடம் ஒன்று கேட்கவும் இதை எழுதுகிறேன்.

அக்னஸ் 1885இல் நெல் (Nell) என்ற பறங்கியர் குடும்பத்தில், அதாவது ஐரோப்பிய வழிவந்த சமூகத்தில், பிறந்தவர். சிங்களவரான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவை மணந்தார். ஜோர்ஜ் கண்டியில் வழக்கறிஞராக இருந்தவர், பின்னாளில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் ஆனவர். இனம் விட்டு இனம் கல்யாணம் கட்டுவது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட காரியமாக இருந்திருக்காது. கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா இவர்களுடைய மகள். கண்டியில் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்த அந்த மகளைப் பல நாடுகளில் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தாயின் பெயரோ, அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களுடைய லயங்களுக்கே, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கே, இன்னும் போய்ச் சேரவில்லை.

1925இல் தேசிய காங்கிரஸ் மாநாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வந்த தீர்மானத்தை ஆதரித்தவர் அக்னஸ். இலங்கையின் ஆட்சிமுறையை எப்படி மாற்றலாம் என்று விசாரிக்க பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927இன் கடைசியில் இங்கே வந்தபோது, பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஒன்று உருவானது. அதன் செயலாளராக அவர் ஆணைக்குழுவின் முன் போய் நின்றார். அங்கே டொனமூர் பிரபு ஒரு கேள்வி கேட்டார்: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா?

அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த நாளில் சொத்தும் படிப்பும் உள்ள ஒரு சிறு பகுதி ஆண்களுக்குத்தான் வாக்கு இருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரிய தலைவர்களே எல்லோருக்கும் வாக்கு என்பதைக் கடுமையாக எதிர்த்தார்கள். படித்த பெண்களுக்கு மட்டும் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்னஸை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சபையில் இருந்த பலருக்கு அது நிம்மதியாகவும் இருந்திருக்கும். அவரோ, நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று பதில் சொன்னார். இதை அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

ஆணைக்குழு முதலில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத்தான் வாக்கைப் பரிந்துரைத்தது. கடைசியில் 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரேமாதிரி 21 வயது என்று முடிவானது. ஆனால் நம்மவர்களுக்கு மட்டும் தனி வேலி போட்டார்கள். இங்கேயே நிரந்தரமாக இருப்பவர் என்று நிரூபிக்க வேண்டும், அல்லது சான்றிதழ் வாங்க வேண்டும், அல்லது சொத்தோ படிப்போ காட்ட வேண்டும். தோட்டத் துரையின், அதாவது நிர்வாகியின், அனுமதி இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், இந்த விதிகளை ஒரு பெண்ணுக்கு யார் போய் விளங்கப்படுத்தியிருப்பார்கள்?

அந்த வேலையைச் செய்ய முயன்றவர்களில் ஒருவர் மீனாட்சியம்மாள். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி என்பதோடு அவரை நிறுத்திவிடுகிறோம், அது நியாயமில்லை. 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பைச் சுமந்தவர், தொழிலாளரின் நிலைமையைத் தானே பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடியவர். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்திடம் அரசியலைக் கொண்டுபோக அந்தப் பாட்டுகள் உதவின. ஆணைக்குழுவின் முன் ஒருத்தியும் தோட்டத்து மக்களின் முன் ஒருத்தியுமாக இரண்டு பெண்கள் நின்றிருக்கிறார்கள். நம் சங்க வரலாறு என்று மேடைகளில் சொல்லப்படும் கதையில் இருவருக்கும் இடமில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த வருடத்துத் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்கைப் பிடுங்கின. 1947 தேர்தலில் வரிசையில் நின்ற பெண்ணின் பெயர் அடுத்த தேர்தல் இடாப்பில் இல்லை. குடியுரிமைக்காக நீங்கள் போராடியதை நான் மறக்கவில்லை. 2003 வரை இழுத்த அந்தப் போராட்டத்தில் சங்கங்களின் பங்கு பெரியது, அதை முழு மனதோடு சொல்கிறேன்.

ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். வாக்கில் ஆணும் பெண்ணும் 1931இலேயே சமம். தோட்டத்துச் சம்பளத்தில் சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலையகத் தமிழ்ப் பெண்கள் முதல் தடவையாகப் பாராளுமன்றத்துக்குள் போனது 2024இல்: நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல். இருவரும் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் வந்தவர்கள். அத்தனை வருடங்களாகத் தோட்டத்துப் பெண்களின் சந்தாவில் நடந்த சங்கங்களின் பட்டியலில் ஒருத்தியும் ஏன் பாராளுமன்றம் போகவில்லை?

என் அம்மா வேலைக்குப் போன காலம் முழுக்கச் சம்பளத்தில் சந்தா பிடித்தார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நியாயம் கேட்கவும், நிறுவையில் கிலோ குறைத்தால் சண்டை பிடிக்கவும் அவருக்குத் தெரியும். தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் மட்டும் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றும் வேலைதான் கிடைத்தது. இது எங்கள் தோட்டத்துக் கதை மட்டும்தான் என்று உங்களால் சொல்ல முடியுமா?

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் என்று 2016இல் சட்டமே வந்துவிட்டது. சங்கத்துக்குள் அதைச் செய்யச் சட்டம் தேவையில்லை, உங்கள் மனம் போதும். தோட்டக் கமிட்டித் தலைமையிலிருந்து மாவட்டப் பொறுப்பு, மத்திய குழு வரைக்கும், அங்கத்தவர்களில் பெண்கள் எத்தனை பங்கோ பதவிகளிலும் அத்தனை பங்கு கொடுங்கள். மகளிர் அணி என்று தனியாக ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டுக் கொடுப்பதை நான் கேட்கவில்லை. கூட்டு ஒப்பந்தமோ சம்பள நிர்ணய சபையோ, சம்பளம் பேசும் மேசையில் கொழுந்து பறிக்கிறவள் உட்கார வேண்டும்.

2031இல் சர்வசன வாக்குரிமைக்கு நூறு வயது. அதற்கு முன் இது நடக்க வேண்டும். அக்னஸ் டி சில்வா, மீனாட்சியம்மாள் இருவரின் வாழ்க்கையையும் சிறு புத்தகமாகத் தமிழில் அச்சிட்டு லயம் லயமாகக் கொடுங்கள். உங்கள் அடுத்த மத்திய குழுக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைப் பேச எடுங்கள். முடிவு சரி என்றாலும் முடியாது என்றாலும், அதை எழுத்தில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
சந்தா கட்டிய ஒரு தாயின் மகள்,
ஹட்டன்