கீழத்தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது

அன்புள்ள மாரி,

நலம், நலமறிய ஆவல். அத்தான், பிள்ளைகள் எல்லாரையும் கேட்டதாகச் சொல். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசிக் கதையைத் திசைதிருப்பிவிடுவாய், பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கு அதுதான் சோலி. அதனால்தான் எழுதுகிறேன். முழுசாக வாசித்துவிட்டுக் கூப்பிடு.

ஏட்டி, கீழத்தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது! கடைசி வீட்டுக் குழாயிலும் குடத்தை மேடையில் வைத்தே பிடிக்கிறார்கள்.

நாம் படிக்கிற காலத்தில் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாய்க்குத் தண்ணீர் ஏறாது. தரையைத் தோண்டி, பைப்பைக் குழிக்குள்ளேயே வெட்டிவிட்டு, அதில் ஒழுகுவதைச் சிரட்டையால் மோந்து ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். மழை பெய்தால் தெருச் சாக்கடை அந்தக் குழிக்குள்தான் இறங்கும். 2021 அக்டோபரில் நான் பஞ்சாயத்து வார்டு மெம்பர் ஆன பிறகும் அதே குழி, அதே சிரட்டை. நம் தாமிரபரணியில் உறைகிணறு போட்டு விருதுநகர் மாவட்டம் வரைக்கும் தண்ணீர் போகிறது. ஆற்றங்கரையில் இருக்கிற நம் ஊர்த் தெருவுக்கு இந்தக் கதி.

தொட்டி சின்னது, புதுத் தொட்டி கட்டினால்தான் விடிவு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் வெள்ளன எழுந்து டேங்க் ஆபரேட்டர் அண்ணாச்சி கூடவே நடந்தேன். அவர் வால்வைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு உர்ரென்று மோட்டார் சத்தம். குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். எல்லாத் தெருவுக்கும் ஒரே லைன். மேலே உறிஞ்சியது போக மிச்சம்தான் கீழே. எங்கள் சித்தப்பா வீட்டிலும் மோட்டார் ஓடியது.

அப்புறம் நடையாய் நடந்தேன். மெம்பருக்குச் சம்பளம் கிடையாது, கூட்டப்படி மட்டும்தான். செக்கில் கையெழுத்துப் போடுவது தலைவரும் துணைத் தலைவரும். நம் கையில் இருப்பது வாய் ஒன்றுதான். நிதி இல்லை என்றார்கள். பஞ்சாயத்துக்கு மத்திய அரசு தருகிற 15வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று ஓவர்சீயரிடம் எடுத்துச் சொன்ன பிறகுதான் எஸ்டிமேட் என்ற பேச்சே வந்தது. அந்த எஸ்டிமேட்டும் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போவதற்குள் கோடை முடிந்துவிட்டது.

காரியம் நடந்தது கிராம சபையில்தான், மாரி. 2024 அக்டோபர் 2. நம் ஊர் அளவுக்கு 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். கீழத்தெருப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தனி லைன் போட வேண்டும், மோட்டாரையெல்லாம் கழற்ற வேண்டும் என்று நான் சொன்னதும் ஒரே கூச்சல். அப்போது புளியமரத்தடி ஆச்சி எழுந்தாள். "நாங்களும் தண்ணித் தீர்வை கட்டுதோம்லா? ரசீது இருக்கு. எங்க தண்ணி யார் வீட்டுத் தொட்டியில கெடக்கு?" என்று கேட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. தீர்மானம் அங்கேயே எழுதிக் கையெழுத்தானது. அந்த ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு, மை அப்பின பெருவிரலைச் சேலையில் துடைக்காமல் வீடு வரைக்கும் நீட்டிக்கொண்டே போனாள்.

முதலில் கழற்றியது சித்தப்பா வீட்டு மோட்டாரைத்தான். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. மகளின் வளைகாப்புக்கும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா போன பிறகு என்னைக் கட்டிக் கொடுத்தவர் அவர். ராத்திரியில் அதை நினைத்தால் தூக்கம் வராது. இருந்தாலும் அந்த மோட்டாரைத் திரும்ப மாட்ட நான் விடமாட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தின்போது நீ அங்கேயிருந்து அழுதது எனக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆறு ஊருக்குள் வந்தது, உறைகிணறெல்லாம் பாழானது. சுற்றிலும் தண்ணீர், குழாயில் சொட்டு இல்லை. லாரி வந்தபோது கீழத்தெருவுக்கு முதலில் என்று நான் குறுக்கே நின்றேன். மெம்பர் என்ற பேர் இருந்ததால்தான் டிரைவர் கேட்டார். வெள்ளை வாக்குச் சீட்டில் குத்தி வாங்கின அந்தச் சின்னப் பதவிக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இப்போது என் கவலையெல்லாம் 2026ஐப் பற்றித்தான். அந்த அக்டோபரோடு எங்கள் பதவி முடிகிறது. 2019ல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு மெம்பர்களின் காலம் முடிந்து, அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான் பஞ்சாயத்தைப் பார்க்கிறார். 2016லிருந்து 2019 வரைக்கும் தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் கிடந்தது. இங்கேயும் தேர்தல் தள்ளிப் போனால் வால்வை யார் பார்ப்பது? அலுவலர் கெட்டவர் இல்லை. பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கிற ஒருவருக்கு எங்கள் புளியமரத்தடி எங்கே இருக்கிறது என்று தெரியுமா? மேலத்தெருவில் ஒரு மோட்டார் திரும்ப மாட்டினால் போதும், அடுத்த வாரமே பத்து வந்துவிடும்.

மறுபடி நிற்பாயா என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். சொந்தபந்தத்தைப் பகைத்தது போதும் என்கிறார். எனக்கு நிற்க ஆசைதான், மறைக்கவில்லை. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016ல் சட்டம் வந்தும், பல ஊரில் கையெழுத்து மட்டும் மனைவி, மற்றதெல்லாம் புருஷன். அந்த மாதிரி ஒருத்தர் இந்த இடத்துக்கு வருவதற்கு நானே நிற்கலாம்.

ஆனால் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை நடக்கும், தனி அலுவலர் காலத்திலும் நடக்கும். அதில் வரவு செலவு அறிக்கையை வாசிக்கும்போது கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் கீழத்தெருவில் வேண்டும். அஞ்சாறு பெண்கள் தயாராக இருக்கிறார்கள், ஆச்சியின் பேத்தியும் அதில் உண்டு. ஆடிட்டர் ஆபீஸில் இத்தனை வருஷம் கணக்குப் பார்க்கிற உன்னைவிட யார் சொல்லித் தருவார்கள்? தீபாவளிக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கு. துணிக்கடை, அல்வாக்கடை என்று சாக்குச் சொல்லாதே. போன வருஷத்து அறிக்கை நகலை இதோடு வைத்திருக்கிறேன். மின்சாரச் செலவும் மோட்டார் பழுதுச் செலவும் எனக்கு இடிக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்.

அன்புடன்,
உன் செல்வி